வலது தோள்

பஸ் பாலாற்றுப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தபோது, ஏலவார்குழலியின் வலது தோளில் யாரோ கை வைத்தார்கள்.

திரும்பிப் பார்த்தாள். பின் சீட்டில் ஆள் இல்லை. தவிட்டு மூட்டை ஒன்று மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. தோளை உதறினாள். கை போகவில்லை. பாலம் முடிந்து பஸ் வேகம் பிடித்தபோது, அந்தக் கை விரல்களை மடக்கித் தோள்பட்டையின் நுனியில் நகங்களை இறக்கியது போலிருந்தது.

"அத்தே, தோளு வலிக்குது."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மாமியார் ஆண்டாளம்மாள் தலையைத் திருப்பினாள்.

"எந்தத் தோளு?"

"சோத்தாங்கை பக்கம்."

ஆண்டாளம்மாள் மருமகளின் முகத்தைப் பார்க்கவில்லை. தோளைப் பார்த்தாள். பிறகு தோளுக்கு மேலே, ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்தாள். மஞ்சள் பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, மருமகளின் முழங்காலைத் தாண்டி எழுந்து, முன்னால் போய் ஒரு மீன்கூடைக்காரியின் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஊர் வரும் வரைக்கும் அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

நெருக்கடிநிலை இருந்த வருஷம் அது. ஆவணி மாதம். குழலிக்கு இருபத்திரண்டு வயது. தாமல் ஏரிப்பக்கத்து ஊர்க்காரி. நிலம் போதாமல் கொத்தனார் வேலைக்குப் போன முத்துகிருஷ்ணனின் மகள். காஞ்சிபுரத்து அம்மனின் பெயரை அப்பா ஆசையாக வைத்தார். ஊர் வாய் அதைக் 'கொயலி' ஆக்கிவிட்டது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு அப்பாவோடு வேலைக்குப் போய்க் கலவை குழைத்தவள். தூக்குக்குண்டு பிடிக்கவும் ரசமட்டம் பார்க்கவும் தெரியும்.

திருப்புலிவனத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு சின்ன ஊரில், எத்திராஜ் என்பவனுக்கு அவளைக் கொடுத்தார்கள். கழனி இருந்தது, கிணறு இருந்தது, பம்புசெட் இருந்தது. இரண்டாம் தாரம் என்பது மட்டும்தான் குறை என்றார்கள். மூத்தவள் ஞானசுந்தரி பிள்ளை இல்லாமலே இறந்துபோயிருந்தாள். எப்படி என்று கேட்டதற்குத் "தண்ணியில" என்று ஒரு வார்த்தை வந்தது. பெண்ணைக் கொடுக்கிற அவசரத்தில் அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

குழலிக்கும் பிள்ளை பிறக்கவில்லை. அவள் சுற்றாத அரச மரமில்லை, சாப்பிடாத மண்சோறில்லை. எத்திராஜ் எதையும் சுற்றவில்லை. அவனைச் சுற்றச் சொல்லி எந்தச் சாமியும் கேட்டதில்லை, எந்த மாமியாரும் கேட்டதில்லை. கடைசியில்தான் ஆண்டாளம்மாள் அவளைக் காஞ்சிபுரத்தில் டாக்டர் லீலாவதியிடம் அழைத்துப் போனாள்.

டாக்டரம்மா ஆண்டாளம்மாளைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். "உங்களை எங்கேயோ பார்த்திருக்கேனே?"

"இந்த ஊருக்கு வந்து போறவதானே, மா. எங்கனா பாத்திருப்பீங்க" என்றாள் ஆண்டாளம்மாள்.

கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. எக்ஸ்ரே வசதி இல்லாத சின்ன ஆஸ்பத்திரிகளில் அப்போதெல்லாம் வாயுவை வைத்துப் பார்ப்பார்கள். குழலியை மேஜையில் படுக்க வைத்து, கர்ப்பப்பையின் வாய் வழியாக மெல்லிய குழல் ஒன்றைச் செலுத்தினார் டாக்டரம்மா. ரப்பர் குழாயில் வாயு வந்தது. பக்கத்தில் ஒரு கண்ணாடித் தண்டில் பாதரசம். அடிவயிற்றில் முறுக்கிப் பிழிகிற வலி. குழலி பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பாதரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஏறியது. ஏறி, ஓரிடத்தில் நின்று தயங்கியது. பிறகு சரிந்தது. டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை அவள் வயிற்றில் வைத்து, கண்ணை மூடி எதையோ கேட்டார். தலையை ஆட்டினார். கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய் ஆண்டாளம்மாளிடம் பேசினார். என்ன பேசினார் என்பது திரைக்கு இந்தப் பக்கம் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் படுத்திருக்கச் சொல்லிவிட்டு நர்ஸ் போனாள். அவள் தலை மறைந்ததும் ஆண்டாளம்மாள் வந்து நின்றாள்.

"எந்திரி, எந்திரி. பஸ்ஸு பூடும்."

"டாக்டரம்மா இன்னா சொன்னாங்க, அத்தே?"

"இன்னா சொல்லுவாங்க. பாக்கலாம்னாங்க."

அதற்குப் பிறகுதான் பஸ்ஸில் அந்தக் கை.

வீட்டுக்கு வந்ததும் குழலி உள்ளறையில் பாயை விரித்துப் படுத்தாள். தலை தரையில் பட்ட கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கை எடுபட்டது. தோளில் ஒன்றுமே இல்லை. நிம்மதியாக மூச்சு விட்டு, தண்ணீர் குடிக்க எழுந்து உட்கார்ந்தாள். யாரோ முதுகுப் பக்கமிருந்து காலெடுத்து வைத்து ஏறுவது போல, வலி மெல்ல மெல்ல மேலே வந்து, அதே தோளில், அதே நுனியில் உட்கார்ந்தது.

படுத்தாள். இறங்கியது. எழுந்தாள். ஏறியது.

வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்று ஆண்டாளம்மாள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வரவில்லை. நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"படுத்தா எறங்கிடறா, இல்ல?"

படுத்தால் வலி இறங்குகிறது என்று குழலி யாரிடமும் சொல்லவில்லை. 'எறங்கிடறா' என்று மாமியார் யாரைச் சொல்கிறாள் என்பதும் புரியவில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் வேலியோரம் வந்து நின்றாள். வழக்கமாக வேலியைத் தாண்டி வந்து முறத்தைப் பிடுங்கிக்கொண்டு பேசுகிறவள். அன்றைக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

"இன்னாடி கொயலி, ஏறிக்கினாளாமே?"

"யாருக்கா ஏறிக்கினது? ரெண்டு நாளா ஆளாளுக்கு இப்டியே பேசிக்கினு கீறீங்க. சொல்லித்தான் தொலையேன்."

கோவிந்தம்மாள் தெருவைப் பார்த்தாள். குரலை இறக்கினாள். "மூத்தவ. ஞானசுந்தரி. அவளையும் இதே டாக்டராண்டதான் இட்டுக்கினு போனாங்க. திரும்பி வர்றப்போ இதே மாதிரி பஸ்ஸுல தோளு வலி. சோத்தாங்கை தோளு. படுத்தா இல்ல, எந்திரிச்சா கீது. ஒங்க மாமியா பயந்துட்டா. பம்பைக்காரர் வேதாசலத்தை இட்டாந்தாங்க. தோளு மேல பேயி குந்திக்கினு கீது, கெணத்துல மூணு முழுக்குப் போட்டா எறங்கிடும்னாரு. படியில நிக்க வச்சி, ஆளுக்கொரு கையப் புடிச்சி முழுக்குனாங்க. மூணாவது முழுக்குல பேயி அவள உள்ள இஸ்துக்கினு போயிடுச்சி."

"கை வழுக்கிடுச்சா?"

"பேயி இஸ்துக்கினு போச்சின்றேன். கை வழுக்கிடுச்சான்றியே. ஒரு கையப் புடிச்சிக்கினு இருந்தது ஒங்க மாமியாதான்."

சுமங்கலியாகச் செத்தவளைப் பூவாடைக்காரி என்று பெயரிட்டு, தண்ணீர்க்கரையிலிருந்து கலசத்தில் அழைத்து வந்து, புடவை வைத்துக் கும்பிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். உயிரோடிருந்தபோது நல்ல புடவை வாங்கித் தராதவர்கள்கூடச் செத்தவளுக்குப் புதுப் புடவை வைப்பார்கள். எத்திராஜ் வீட்டுப் பூவாடைக்காரி ஞானசுந்தரிதான். குழலியின் கல்யாணத்துக்கு முந்தின நாளும் அவளை அழைத்துப் படையல் போட்டிருந்தார்கள். அந்தப் புடவையைத்தான் பிறகு குழலி கட்டிக்கொண்டாள். படையல் புடவை என்று அவளுக்கு அப்போது யாரும் சொல்லவில்லை.

"அவதான் இப்ப ஒந்தோளு மேல கீறா" என்றாள் கோவிந்தம்மாள். "வெள்ளிக்கெயமை பம்பை வருது."

குழலி வேலியை நெருங்கி வந்தாள். பிறகு கேட்டாள்: "என் தோளு மேல ஞானசுந்தரி அக்கா. சரி. அப்போ அவங்க தோளு மேல குந்திக்கினு இருந்தது யாரு? அவங்களுக்கு முன்னாடி இந்த வூட்ல செத்த பொண்டாட்டி யாரு?"

கோவிந்தம்மாள், "அத யாரும் கேக்கலையேடி" என்றாள்.

எத்தனை வருஷமாக ஒரு ஊர், ஒரு பெண்ணின் சாவைப் பற்றி இவ்வளவு சின்னக் கேள்விகூடக் கேட்காமல் இருந்திருக்கிறது!

எத்திராஜ் காலை நாஷ்டாவுக்கு உட்கார்ந்தபோது குழலி பேச்சை எடுத்தாள். அவனே முந்திக்கொண்டான்.

"வெள்ளிக்கெயமை பம்பைக்காரர் வர்றாரு. சொம்மா மூணு முழுக்கு. போட்டுட்டு வந்துடு. பேஜார் பண்ணாத."

"அக்காவையும் இப்டித்தான் சொம்மா மூணு முழுக்குன்னு சொல்லி இட்டுக்கினு போனீங்களா?"

அவன் மெல்லுவதை நிறுத்தினான். "அது வேற."

"நீங்களும் ஒருக்கா அந்த டாக்டராண்ட வந்தா இன்னா?"

"ஆம்பளைய ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனா இன்னா பண்றாங்கன்னு தெரியாதா ஒனக்கு? ஜீப்புல ஏத்திக்கினு போயி, வெட்டி வுட்டுட்டு, கையில ஒரு பக்கெட்டு குடுத்து அனுப்பறாங்க. எனக்குப் பக்கெட்டு வேணாம்."

"புள்ள வேணும்னு போறவன எதுக்கு வெட்டறாங்க?"

"வாயி ரொம்ப நீளுது ஒனக்கு. அவ வாயிதான் இது" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

அந்த வருஷம் ஊர் ஊராகக் குடும்பக் கட்டுப்பாட்டு ஜீப் வந்தது உண்மை. ஆண்கள் கரும்புக்குள் ஓடி ஒளிந்ததும் உண்மை. ஆனால் ஞானசுந்தரி மேஜையில் படுத்த நாளில் எந்த ஜீப்பும் வரவில்லை. அன்றைக்கும் எத்திராஜ் போகவில்லை. சோதனை என்றால் பெண் உடம்பு, பேய் என்றாலும் பெண் உடம்பு. கழனிக்குச் சொந்தக்காரனின் தோளில் பேய் ஏறியதாக இந்த ஜில்லாவில் நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

அன்று மத்தியானம் குழலி ஏரிக்கரைக்குப் போனாள். பயமாகத்தான் இருந்தது. தனக்குப் பின்னால் ஒருத்தி சேர்ந்து நடக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நடப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நிழலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஒரே நிழல்தான். இருந்தாலும் தோளில் பாரம் இருந்தது.

கரைச் சரிவில் தலை கீழ்ப்பக்கம் இருக்கும்படி படுத்தாள். வலி சுத்தமாகப் போய்விட்டது. புரண்டு இடது பக்கம் ஒருக்களித்தாள். வலது விலாவுக்குள் லேசாக ஏதோ நகர்ந்தது. உட்கார்ந்தாள். ஏறியது. மறுபடி படுத்தாள். இறங்கியது. செத்த மனுஷியாக இருந்தால், ஒரு தடவையாவது தன் இஷ்டத்துக்கு ஏற மாட்டாளா? கோபம் வந்து படுத்திருக்கும்போது ஏற மாட்டாளா? இவளோ சொன்ன பேச்சைக் கேட்கிறாள். எந்தப் பக்கம் உயரமோ அந்தப் பக்கம் போகிறாள்.

எந்தப் பக்கம் உயரமோ அந்தப் பக்கம்.

குழலி எழுந்து வீட்டுக்கு ஓடினாள். மாட்டுக்கொட்டகைக்குத் தளம் போட வந்த அப்பா, தன் பழைய ரசமட்டத்தை உத்தரத்தில் செருகிவிட்டு மறந்து போயிருந்தார். முழ நீள மரக்கட்டை. நடுவில் சின்னக் கண்ணாடிக் குழாய். அதற்குள் திரவமும் ஒரு காற்றுக் குமிழியும். தூசியைத் துடைத்துக் கையில் பிடித்தாள். இந்த முனையைத் தூக்கினால் குமிழி இந்த முனைக்கு வந்தது. அந்த முனையைத் தூக்கினால் அந்த முனைக்கு ஓடியது. செங்குத்தாக நிறுத்தினாள். குமிழி ஏறி உச்சியில் போய் உட்கார்ந்தது.

அவள் அழுதுகொண்டே சிரித்தாள் என்று பிற்பாடு சொன்னாள். ஆண்டாளம்மாள் தூரத்தில் நின்று அதைப் பார்த்துவிட்டு, பேய் முற்றிவிட்டது என்று ஊருக்குச் சொன்னாள்.

வியாழக்கிழமை தோள் வலி கிட்டத்தட்டப் போய்விட்டது. "வலி இல்ல அத்தே, பம்பைய வர வேணாம்னு சொல்லிடுங்க" என்றாள் குழலி. "பம்பைன்னதும் பதுங்கறா பாரு" என்றாள் ஆண்டாளம்மாள். வலி இருந்தால் பேய். இல்லாவிட்டால் பதுங்கிய பேய்.

வெள்ளிக்கிழமை காலையில், மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவதாகச் சொல்லிவிட்டு, குழலி திருப்புலிவனம் ரோட்டுக்கு நடந்து காஞ்சிபுரம் பஸ் ஏறினாள்.

டாக்டர் லீலாவதி அவளைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வியே, "தோள் வலிச்சுதா?" என்பதுதான்.

"ஒங்களுக்கு எப்டிம்மா தெரியும்?"

"அடைப்பு இருக்கிறவங்களுக்கு அந்த வலி வராது. உள்ள விட்ட வாயு கருக்குழாய் வழியா வயித்துக்குள்ள வந்திடும். நீ எழுந்து உட்கார்ந்தா அது மேல ஏறி, வயித்துக்கும் நெஞ்சுக்கும் நடுவுல இருக்கிற திரையைத் தொடும். அந்தத் திரைக்குப் போற நரம்பும் தோளுக்குப் போற நரம்பும் ஒரே இடத்துலேருந்து வருது. அதனால வலி தோள்ல தெரியும். படுத்தா போயிடும். ரெண்டு மூணு நாள்ல உடம்பே அந்த வாயுவை உறிஞ்சிக்கும். வழி திறந்திருக்குன்னு அதுக்கு அர்த்தம். உன்கிட்ட குறை தெரியலை, அடுத்து பையனைக் கூட்டிட்டு வாங்கன்னு உங்க மாமியார்கிட்ட சொல்லி அனுப்பினேனே!"

"எங்கத்தை முன்னாடியும் ஒரு பொண்ண இட்டுக்கினு வந்தாங்களா, மா?"

டாக்டரம்மா யோசித்தார். முகம் தெளிந்தது. "அதான் எங்கேயோ பார்த்த முகம்னு நினைச்சேன். ஆமா, நெத்தியில பச்சை குத்தின பொண்ணு. அவளுக்கும் பாதரசம் இப்படித்தான் சரிஞ்சுது. அன்னிக்கும் இதையேதான் சொன்னேன், பையனைக் கூட்டிட்டு வாங்கன்னு. அப்புறம் யாரும் வரலை. அந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்கா?"

"கெணத்துல கீறாம்மா" என்றாள் குழலி.

டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நீ அங்கே திரும்பிப் போகாதே" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் தாமல் பக்கம் போகிற பஸ்தான் முதலில் வந்தது. கண்டக்டர் கூவிக் கூவி ஏற்றினார். அப்பா வீடு அந்தப் பக்கம்தான். குழலி ஏறவில்லை. போய்விட்டால், ஞானசுந்தரி அவளை அடித்துத் துரத்திவிட்டாள் என்பார்கள். வழி திறந்திருந்த ஒருத்தி மலடி என்ற பெயரோடே கலசத்தில் கிடப்பாள். அடுத்த வருஷம் வேறு ஒருத்தியை அழைத்து வருவார்கள். அவளும் ஒரு நாள் பஸ்ஸில் தோளைப் பிடித்துக்கொண்டு திரும்புவாள்.

திருப்புலிவனம் வழியாகப் போகிற உத்திரமேரூர் பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள்.

விளக்கு வைக்கிற நேரம். கழனிக் கிணற்றைச் சுற்றி ஊர் நின்றது. பம்பை அதிர்ந்துகொண்டிருந்தது. மஞ்சள் பூசிய கலசம், வேப்பிலை, அறுத்துக் குங்குமம் தடவிய எலுமிச்சை. கிணற்றின் உள்சுவரில் பதித்த கற்படிகள் ஒவ்வொன்றாகக் கறுத்த தண்ணீருக்குள் இறங்கிப் போயின. கடைசியாகத் தெரிந்த படியில் பாசி மின்னியது. குழலி கொட்டகைக்குப் போய் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கிணற்றுக்கு வந்தாள்.

கோவிந்தம்மாள் அவள் காதருகே குனிந்தாள். "ஏய், நான் சொல்றதக் கேளு. அவளாட்டமே பேசிடு. நான் ஞானசுந்தரி வந்துக்கீறேன், எம்புருசன டாக்டராண்ட அனுப்புன்னு ஒரு ஆட்டம் ஆடிடு. ஊரே கால்ல வுழும். அவனும் நாளைக்கே ஓடுவான்."

நல்ல யோசனைதான். பலித்திருக்கும். ஆனால் செத்தவள் பேசினால் கேட்பார்கள், உயிரோடிருப்பவள் பேசினால் கேட்க மாட்டார்கள் என்ற ஏற்பாட்டுக்கு அவள் அன்றைக்குத் தலையாட்டியிருந்தால், இதை நான் எழுத வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

வேதாசலம் பம்பையை நிறுத்தினான். வேப்பிலைக் கொத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "யாரு நீ? தோளு மேல குந்திக்கினு கீறது யாரு? பேரச் சொல்லு!"

"நான் கொயலி. தோளு மேல யாரும் இல்ல."

"பொய் சொல்றா! பேரச் சொல்லு!"

"கொயலி. தாமல் கொத்தனாரு முத்துகிருஷ்ணன் பொண்ணு. டாக்டரம்மா வயித்துக்குள்ள வுட்ட வாயுதான் மேல ஏறி வலிச்சிது. தோ, இந்தக் குமிழி மாதிரி." ரசமட்டத்தைத் தூக்கிக் காட்டிச் சாய்த்தாள். "வழி தொறந்திருக்கறவங்களுக்குத்தான் அந்த வலி வருமாம். எனக்கும் தொறந்து கீது. அக்காவுக்கும் தொறந்திருந்துது."

"கொத்தனாரு கட்டைய வச்சி பேயி ஓட்ட வந்துட்டா" என்றான் வேதாசலம். கூட்டம் சிரித்தது. "அப்போ என் பம்பைய வச்சி செவுரு எடுக்கலாமா?"

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். குழலி மாமியாரிடம் திரும்பினாள்.

"அத்தே, டாக்டரம்மா ஒங்ககிட்ட இன்னா சொன்னாங்க? அக்காவ இட்டுக்கினு போனப்போ இன்னா சொன்னாங்க? ரெண்டு தடவையும் ஒரே வார்த்தைதானே சொன்னாங்க?"

சிரிப்பு நின்றது. ஆண்டாளம்மாளின் உதடு அசைந்தது. "எம்புள்ள பேர ஊரு நடுவுல கெடுக்கச் சொல்றியாடி?" என்றாள். சொன்ன பிறகுதான், சொன்னது என்ன என்று அவளுக்கே தெரிந்தது.

எத்திராஜ் ஆத்திரத்தில், "எறக்குங்க அவள!" என்று கத்தினான். இரண்டு பெண்கள் குழலியின் முழங்கைகளைப் பிடித்துக் கிணற்றின் விளிம்புக்கு இழுத்தார்கள். அவள் திமிறவில்லை. முதல் படியில் கால் வைத்ததும் குனிந்து, ரசமட்டத்தை அந்தக் கல்லின் குறுக்கே வைத்தாள்.

குமிழி சரசரவென்று சுவர்ப் பக்கத்துக்கு ஓடி, அங்கே ஒட்டிக்கொண்டு நின்றது.

"பாருங்க" என்றாள். குரல் உயரவில்லை. "படி தண்ணிப் பக்கம் சாஞ்சி கீது. மேல் படியே இப்டின்னா, பாசி புடிச்ச படி எப்டி இருக்கும்? அக்காவ யாரும் இஸ்துக்கினு போவல. நீங்க நிக்க வச்ச எடந்தான் இஸ்துக்கினு போச்சி. ஏன் அத்தே, அன்னிக்கு நீங்களும் இந்தப் படியிலதானே நின்னுக்கினு இருந்தீங்க? ஒங்க காலும் வழுக்கலையா?"

பிடித்திருந்த பெண்கள் தங்கள் காலடியைப் பார்த்தார்கள். ஒருத்தி கையை விட்டுவிட்டு மேலே ஏறினாள். இன்னொருத்தி விட்டாள்.

"இந்தத் தடவ நீங்க வந்து புடிங்க" என்று குழலி எத்திராஜைப் பார்த்துச் சொன்னாள். "எனக்கும் அக்காவுக்கும் பொதுவா இருந்தது நீங்க ஒர்த்தர்தான். வாங்க."

எத்திராஜ் பின்னால் நகர்ந்தான். பம்பை ஒலிக்கவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து ஒரு தவளை மட்டும் கத்தியது. அந்தச் சத்தத்துக்கே கூட்டத்தில் பாதிப் பேர் நடுங்கினார்கள். குழலி கட்டையைத் துடைத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவர்கள் நடுவே நடந்து போனாள். ஒருவரும் மறிக்கவில்லை. அவளுக்குப் பயந்துதான் வழி விட்டார்கள். அவள் சொன்னதைப் புரிந்துகொண்டு அல்ல. இதையும் சொல்லிவிட வேண்டும்.

குழலி அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போகவில்லை. உத்திரமேரூரில் ஒரு அறை எடுத்து, அப்பாவோடும் அவருக்குப் பிறகு தனியாகவும் கட்டட வேலை செய்தாள். அவள் எடுத்த சுவர்கள் நேராக இருந்தன. கூலி மட்டும் சித்தாள் கூலிதான்; பெண்ணைக் கொத்தனார் என்று கூப்பிட இங்கே நாக்கு புரள்வதில்லை. எத்திராஜ் சோதனைக்குப் போகவே இல்லை. வாலாஜாபாத் பக்கத்திலிருந்து செல்லம்மாள் என்ற பெண்ணை மூன்றாவதாகக் கட்டினான். கல்யாணத்துக்கு முந்தின நாள் பம்பை அடித்துப் பூவாடைக்காரியை அழைத்தார்கள். புடவை வைத்தார்கள்.

ஐந்தாறு வருஷம் போயிற்று. ஒரு சாயங்காலம், குழலி வேலை முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு பெண் நின்றாள். இடது கையால் வலது தோளைப் பிடித்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"கொயலி அக்கா வூடு..."

குழலி அவள் தோளைப் பார்த்தாள். கேட்க வேண்டியதே இருக்கவில்லை. "பஸ்ஸுல ஏறிச்சா?"

அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். குழலி அவளை உள்ளே அழைத்துப் போய்ப் பாயில் படுக்க வைத்து, சிமெண்ட் சாக்குகளை மடித்து இடுப்புக்குக் கீழே வைத்தாள். வலியில் இறுகியிருந்த அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. தோளிலிருந்த கை தானாக விழுந்தது.

"எறங்கிடுச்சிக்கா" என்றாள் செல்லம்மாள் நம்ப முடியாமல்.

"எறங்கும். அது யாரும் இல்ல. அப்புறமா சொல்றேன். என்னாண்ட வரச் சொன்னது யாரு, டாக்டரம்மாவா?"

"இல்லக்கா. அத்தை."

குழலியின் கை சாக்கின் மேல் நின்றது.

"தோளு வலிக்குதுன்னேன். எந்தத் தோளுன்னு கேட்டாங்க. சொன்னேன். அப்புறம் ஒண்ணும் பேசல. திருப்புலிவனம் வந்ததும், நீ எறங்காத, உத்திரமேரூருக்குப் போயி கொயலியாண்ட போயிடு, வூட்டுக்கு மட்டும் வராதன்னு சொல்லிட்டு, அவங்க மட்டும் எறங்கிக்கினாங்க."

குழலி பாயோரம் உட்கார்ந்து கேட்டாள்.

"பஸ்ஸுல அவங்க எங்க குந்திக்கினு இருந்தாங்க?"

செல்லம்மாளுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. "எம்பக்கத்துலதான்க்கா" என்றாள். "எறங்கற வரைக்கும்."